பெஷ்ட் நகரைத் தெருத் தெருவாக எழுப்பியவர்: ஹில்ட் யோஜெஃப் யார், அவர் செய்தது என்ன?

புடாபெஸ்ட் போய் வந்தவர்கள் போடும் படங்களில் தவறாமல் இடம்பெறும் கட்டடம் ஒன்று உண்டு, புனித ஸ்டீஃபன் பசிலிக்கா. அதைக் கட்டியவர் யார் என்று தேடினால் ஒரு இடத்தில் ஹில்ட் என்று வரும், இன்னொரு இடத்தில் இபல், மூன்றாவதாக கௌசர். எதுவும் தப்பில்லை, மூன்று பேரும் உண்மைதான். அப்புறம் எஸ்டெர்கோம் நகரத்துப் பேராலயத்தைத் தேடினாலும் ஹில்ட், எகெர் நகரத்துப் பேராலயத்தைத் தேடினாலும் ஹில்ட். இப்படி நாட்டின் மூன்று பெரிய தேவாலயங்களோடும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒருவரை, அவருடைய ஊரின் கட்டட வரலாற்றை எழுதுகிறவர்கள் முதன்மையாக ஒரு 'வீடு கட்டியவர்' ஆகத்தான் பேசுகிறார்கள். அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். நகரக் கட்டடக் கலைஞர் என்றால் என்ன வேலை செய்பவர் என்பது தெரிந்தால்தான் இது புரியும்.

முதலில் சில பெயர்களும் சொற்களும்

1. ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் வைத்து எழுதுவார்கள். ஹில்ட் யோஜெஃப் என்றால் ஹில்ட் குடும்பத்து யோஜெஃப். வெளிநாட்டுப் புத்தகங்களில் யோஜெஃப் ஹில்ட் என்று திருப்பிப் போட்டிருப்பார்கள், ஆள் ஒருவர்தான். அவருடைய அப்பா ஹில்ட் யானோஷும் கட்டடக்காரர், அவரையும் இவரையும் குழப்பிக்கொள்வது மிக எளிது.

2. ஹில்ட் வாழ்ந்த காலத்தில் புடாபெஸ்ட் என்று ஒரு நகரமே கிடையாது. டான்யூப் ஆற்றின் மேற்குக் கரையில் மலைமேல் புடா, கிழக்குக் கரையில் சமதரையில் பெஷ்ட். வடக்கே ஓபுடா. மூன்றும் சட்டப்படி ஒன்றானது 1873இல், அதாவது ஹில்ட் இறந்து ஆறு வருடம் கழித்து. ஆகவே அவர் பெஷ்ட்காரர்.

3. நாடோர் என்பது ஹங்கேரியில் மன்னருக்கு அடுத்த பதவி. மன்னர் வியன்னாவில் இருப்பார், இங்கே அவர் சார்பில் நாடோர். நம் கதையில் வருபவர் ஹங்கேரியை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்து யோஜெஃப், 1796 முதல் 1847 வரை கிட்டத்தட்ட ஐம்பது வருடம் அந்தப் பதவியில் இருந்தார்.

4. ஃபேஏபீதேஸ் என்பது இன்று ஹங்கேரிய நகரங்களில் இருக்கும் ஒரு பதவி, நேரடியாகச் சொன்னால் 'தலைமைக் கட்டடக் கலைஞர்'. அவர் தன் கையால் கட்டடம் வரைந்து கொடுப்பவர் இல்லை. ஊரில் எங்கே எவ்வளவு உயரத்துக்குக் கட்டலாம், தெருவோரம் எப்படி இருக்க வேண்டும், எந்தப் பழைய முகப்பைத் தொடக்கூடாது என்பதற்கெல்லாம் விதி எழுத உதவுபவர், மேயருக்கு ஆலோசனை சொல்பவர். ஹில்ட் காலத்தில் இந்தப் பதவி இந்த வடிவில் இல்லை. அந்த வேலை இரண்டாகப் பிரிந்து கிடந்தது: விதி ஒரு குழுவிடம், கட்டுவது ஹில்ட் போன்றவர்களிடம்.

அப்பா போட்ட கோடு

1800 வாக்கில் பெஷ்ட் ஒரு சந்தை ஊர். பழைய மதில் சுவருக்குள் நெரிசல், வெளியே ஒழுங்கில்லாமல் பரவிய குடியிருப்புகள், ஆற்றங்கரையில் சரக்கு. தானியமும் கம்பளியும் கைமாறி பணம் வரத் தொடங்கியிருந்தது, ஆனால் அந்தப் பணம் எங்கே கட்டடமாக நிற்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. நாடோர் யோஜெஃப் அந்தப் பொறுப்பை ஹில்ட் யானோஷிடம் கொடுத்தார். 1805இல் யானோஷ் ஒரு நகரத் திட்டம் தீட்டிக் கொடுத்தார்: எந்தத் தெருவை அகலப்படுத்துவது, எங்கே சதுக்கம் விடுவது, மதிலுக்கு வடக்கே இருந்த லிபோத்வாரோஷ் பகுதியில் தெருக்கள் ஒன்றையொன்று நேராக வெட்டும்படி எப்படி அமைப்பது என்று.

திட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது என்பது நாடோருக்குத் தெரிந்திருந்தது. 1808இல் அழகூட்டும் குழு என்ற ஒன்றை அமைத்தார். பெயரைப் பார்த்து பூங்கா வைக்கும் குழு என்று நினைத்துவிட வேண்டாம். இதுதான் அந்த ஊரின் பிளான் அப்ரூவல் அலுவலகம். பெஷ்டில் யார் வீடு கட்டினாலும், பழைய வீட்டுக்கு மேல் மாடி எடுத்தாலும், வரைபடத்தை இந்தக் குழுவிடம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். முகப்பு எப்படி இருக்கும், தெருக்கோட்டுக்கு வெளியே நீட்டுகிறதா, பக்கத்து வீட்டோடு சேர்ந்து நிற்குமா என்று பார்த்துத்தான் விடுவார்கள். அப்படிக் கொடுக்கப்பட்ட வரைபடங்கள் இன்றும் புடாபெஸ்ட் நகர ஆவணக் காப்பகத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஹில்ட் யோஜெஃப் என்ன கட்டினார் என்று நமக்குத் தெரிவதே பெரும்பாலும் அந்தக் கட்டுகளால்தான், ஏனென்றால் அவர் கட்டிய பல வீடுகள் இன்று இல்லை.

மகன் எப்படித் தயாரானார்

யோஜெஃப் 1789 டிசம்பரில் பெஷ்டில் பிறந்தார். அப்பாவின் கட்டுமான வேலைகளுக்கு நடுவில் வளர்ந்தவர். வியன்னா கலைக்கழகத்தில் படித்தார், ஐசன்ஸ்டாட்டில் எஸ்தர்ஹாசி பிரபுக்களுக்காகக் கட்டிக்கொண்டிருந்த ஷார்ல் மொரோ என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரிடம் வேலை பார்த்தார். 1811இல் அப்பா இறந்தார். குடும்பத் தொழில் மகன் தலையில் விழுந்தது, வயது இருபத்தொன்று.

இங்கே அவர் செய்த ஒரு காரியம் முக்கியம். 1816இல் இத்தாலிக்குக் கிளம்பினார், 1820இல்தான் திரும்பினார். நான்கு வருடம். ரோம், ஃப்ளோரன்ஸ் என்று பழைய கட்டடங்களை நேரில் பார்த்து, அளந்து, வரைந்து கற்றுக்கொண்ட காலம் அது. திரும்பி வந்தவர் கையில் இருந்த பாணிக்கு கிளாசிசிசம் என்று பெயர், பழைய ரோமானிய, கிரேக்கக் கட்டடங்களின் அளவுகளையும் ஒழுங்கையும் எடுத்துக்கொண்டு புதுக் கட்டடம் கட்டுவது. இதில் அலங்காரம் குறைவு, விகிதம்தான் எல்லாம். ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் இடைவெளி, மாடிக்கு மாடி உயரம் குறையும் விதம், நடுவில் நான்கோ ஆறோ தூண், மேலே ஒரு முக்கோண முகடு.

இந்தப் பாணி பெஷ்டுக்கு ஏன் இவ்வளவு பொருந்தியது? செலவு குறைவு என்பது ஒன்று. செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, கல் வேலை வேண்டிய இடத்தில் மட்டும். இன்னொன்று, ஒரே விகிதத்தில் கட்டப்பட்ட வீடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது தெரு முழுவதும் ஒரே கட்டடம் போல ஆகிவிடும். தனி வீடாகப் பார்த்தால் சாதாரணம், தெருவாகப் பார்த்தால் கம்பீரம். குழுவின் விதிக்கு இதைவிடப் பொருத்தமான கை கிடைத்திருக்காது.

ஒரு வீட்டை அருகில் நின்று பார்த்தால்

யோஜெஃப் நாடோர் சதுக்கம் என்று இன்று பெயருள்ள இடத்தின் ஓரத்தில் க்ரோஸ் வீடு நிற்கிறது, 1824இல் ஹில்ட் கட்டியது. பார்த்தவுடன் வாய் பிளக்க வைக்கும் கட்டடம் இல்லை. இந்த வகை வீடுகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கீழ்த்தளம் கனமாக இருக்கும், கடைகளுக்கான வளைவுகளோடு. நடுவில் குதிரை வண்டி நுழையும் அகலத்தில் வாசல். உள்ளே போனால் இருட்டான ஒரு நடை, அது முடியும் இடத்தில் திடீரென்று வானம் தெரியும், முற்றம். முற்றத்தைச் சுற்றி மாடிக்கு மாடி, சுவரிலிருந்து நீட்டிய கல் தாங்கிகளின்மேல் ஒரு நீள நடைபாதை. ஒவ்வொரு குடித்தனத்தின் கதவும் அந்த நடைபாதையில்தான் திறக்கும். தெருப் பக்கம் பெரிய அறைகள், வசதியானவர்களுக்கு, வாடகை அதிகம். பின்பக்கம் முற்றத்தை மட்டும் பார்த்த சின்னக் குடித்தனங்கள், கைத்தொழில்காரர்களுக்கும் வேலையாட்களுக்கும். ஒரே வாசல், ஒரே முற்றம், பல படி மனிதர்கள். வாடகைக்கென்றே கட்டப்பட்ட இந்த வகை வீட்டுக்கு ஹங்கேரிய மொழியில் பேர்ஹாஸ் என்று பெயர், நேராகவே வாடகை வீடு. பெஷ்ட் அடுத்த நூறு வருடம் இந்த அச்சில்தான் வளர்ந்தது, முகப்பு பாணி மாறியதே தவிர முற்றமும் நடைபாதையும் மாறவில்லை. அச்சை ஹில்ட் ஒருவரே கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது, ஆனால் அதை நூற்றுக்கணக்கான தடவை வரைந்து, ஊருக்குப் பழக்கப்படுத்தியவர்களில் முதல் இடம் அவருக்குத்தான்.

ஆற்றங்கரையில் அவர் கட்டிய வணிகர் மாளிகையும், பின்னாளில் லாய்ட் மாளிகை என்று பெயர் பெற்றது, இதே கணக்கில்தான். 1830 வாக்கில் முடிந்தது. டான்யூபிலிருந்து பார்த்தால் பெஷ்டின் முகம் அதுதான் என்று அந்தக்கால ஓவியங்கள் காட்டுகின்றன. இரண்டாம் உலகப்போரில் சேதமாகி, அப்புறம் இடித்தார்கள். என்னைக் கேட்டால் ஹங்கேரி இழந்த கட்டடங்களில் இது பெரிய இழப்பு.

1838: விதி எதற்கு என்று தெரிந்த வருடம்

அழகூட்டும் குழுவின் விதிகளை எரிச்சலாகப் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள், கட்டுகிறவனுக்கு எந்த ஊரிலும் அது இருக்கும். 1838 மார்ச்சில் வந்த வெள்ளம் அந்தப் பேச்சை மாற்றியது. நடந்ததை வரிசையாகப் பார்க்கலாம்.

1. குளிர்காலத்தில் டான்யூப் உறைந்திருந்தது. பனி உருகத் தொடங்கியபோது மேலிருந்து நீரோடு பனிப்பாளங்களும் வந்தன. நகரத்துக்குக் கீழே ஆழம் குறைந்த இடங்களில் பாளங்கள் சிக்கி அணை போல அடைத்துக்கொண்டன. போக வழியில்லாத நீர் பின்னால் ஏறியது.

2. மார்ச் 13 இரவு தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு பெஷ்டுக்குள் புகுந்தது. புடா மலைமேல், பெஷ்ட் சமதரை. பல தெருக்களில் ஆளுயரத்துக்கு மேல் நின்றது. நகரத்துச் சுவர்களில் தண்ணீர் எட்டிய மட்டத்தைக் காட்டும் சின்னப் பலகைகள் இன்றும் பல இடங்களில் இருக்கின்றன, கை நீட்டினால் எட்டாத உயரத்தில் சிலவற்றைப் பார்க்கலாம்.

3. அன்றைய பெஷ்டில் சுமார் 4,250 வீடுகள். அவற்றில் 2,200க்கும் மேல் இடிந்து விழுந்தன. 150 பேருக்கும் மேல் இறந்தார்கள்.

4. விழுந்தவை எவை என்பதுதான் பாடம். வெளிப்பகுதிகளில் ஏழைகளின் வீடுகள் சுடாத மண்கல்லால் கட்டப்பட்டவை. சுடாத மண் உலர்ந்திருக்கும்வரை நன்றாகத் தாங்கும். அடியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் ஊறிச் சேறாகிவிடும், மேல்சுவர் தன் எடையிலேயே உட்கார்ந்துவிடும். சுட்ட செங்கல்லில், ஆழமான அடித்தளத்தோடு கட்டிய உள்நகர வீடுகளில் பெரும்பாலானவை நின்றன.

5. வெள்ளம் வடிந்ததும் கட்டட விதிகள் இறுகின. மண்கல் சுவருக்குத் தடை, அடித்தளத்துக்கும் சுவர்ப் பருமனுக்கும் கணக்கு.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் இங்கே இருக்கிறது. நல்ல விதி வந்தால் வீடு கட்டும் செலவும் ஏறும். செங்கல் வாங்க முடியாதவர் சொந்தக் குடிசையை விட்டு வாடகைக் குடித்தனத்துக்குப் போகிறார், பின்பக்க முற்றத்து அறைக்கு. நகரம் பத்திரமானதும் நகரம் வாடகை வீடுகளின் ஊரானதும் சேர்ந்தே நடந்தன. ஹில்டுக்கோ வேலை குவிந்தது.

மூன்று தேவாலயங்கள், ஒரு இடிந்த குவிமாடம்

எகெர் முதலில். அங்கே பேராயராக இருந்த பீர்கெர், அதற்கு முன் வெனிஸ் நகரத்தில் திருச்சபைத் தலைவராக இருந்தவர், இத்தாலியக் கட்டடங்கள் நடுவே வாழ்ந்தவர். ஹில்டிடம் அவர் வேலையைக் கொடுத்ததில் ஆச்சரியம் இல்லை. 1831இல் ஆரம்பித்து 1837இல் முடித்தார்கள். ஒரு பேராலயத்துக்கு ஆறு வருடம் என்பது அசாதாரண வேகம். உயரமான படிக்கட்டும், மேலே வரிசையாகப் பெருந்தூண்களும், ஒரு பழைய ரோமானியக் கோயிலின் முன் நிற்பது போல இருக்கும்.

எஸ்டெர்கோம் இன்னொரு வகை. அது வேறு இருவர், க்யூனெல் பாலும் பாக் யானோஷும், 1822 முதல் கட்டிக்கொண்டிருந்த பேராலயம். 1839இல் பாக் கொலை செய்யப்பட்டார். பாதியில் நின்ற வேலை ஹில்டிடம் வந்தது. திட்டத்தில் திருத்தங்கள் செய்து தொடர்ந்தார், 1856 ஆகஸ்ட் 31 அன்று அருட்பொழிவு நடந்தது. அந்த நாளுக்காகவே இசையமைப்பாளர் லிஸ்ட் ஃபெரென்ஸ் ஒரு திருப்பலி இசையை எழுதி அங்கே நிகழ்த்தினார். நூறு மீட்டர் உயரம் கொண்ட அதுதான் இன்றும் ஹங்கேரியின் மிகப்பெரிய தேவாலயம்.

மூன்றாவதுதான் தொடக்கத்தில் சொன்ன குழப்பம், புனித ஸ்டீஃபன் பசிலிக்கா. பெஷ்டின் லிபோத்வாரோஷ் பகுதிக்கான பங்குக் கோயிலை 1851இல் ஹில்ட் ஆரம்பித்தார். பணம் வருவதும் நிற்பதுமாக வேலை இழுத்துக்கொண்டே போனது. 1867 மார்ச்சில் ஹில்ட் இறந்தார். இபல் மிக்லோஷ் என்ற கட்டடக் கலைஞர் பொறுப்பேற்றார். உள்ளே பார்த்தபோதே விரிசல்கள் தென்பட்டன, சுற்றி வேலி போட்டு ஆட்களை விலக்கிவைத்தார். 1868 ஜனவரி 22, குவிமாடம் மொத்தமாக உள்ளே விழுந்தது. அக்கம்பக்கத்தில் நூற்றுக்கணக்கான ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன. வேலி இருந்ததால் யாரும் சாகவில்லை.

இது ஏன் நடக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு குவிமாடம் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதன் எடை நேராகக் கீழே மட்டும் இறங்குவதில்லை, கவிழ்த்த கிண்ணம் போல அடிவிளிம்பில் வெளிப்பக்கமாகவும் தள்ளும். அந்தத் தள்ளலையும் எடையையும் கீழே இருக்கும் வட்டச் சுவர் வாங்கி நான்கு பெரிய வளைவுகளுக்குக் கொடுக்கும், வளைவுகள் நான்கு பெருந்தூண்களுக்குக் கொடுக்கும். கடைசியில் எல்லாச் சுமையும் அந்த நான்கு தூண்களில். தூணின் கல் தரமில்லாவிட்டால், உள்ளே நிரப்பிய கட்டுமானம் கல்லோடு ஒட்டிப் பிடிக்காவிட்டால், ஒரு தூண் கொஞ்சம் அமுங்கினாலே மேலே வட்டம் பிளக்கும். இங்கும் மோசமான பொருளும் பிழையான வேலையும்தான் காரணம் என்றார்கள். பதினாறு வருடம் விட்டு விட்டு நடந்த வேலையில் எந்தப் பகுதி யார் கையில் கெட்டது என்று பிரித்துக் காட்டுவது கடினம். ஆனால் வடிவமைப்பும் மேற்பார்வையும் ஹில்டுடையது, அந்தப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்கவும் முடியாது.

இபல் தரைத்திட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கிளாசிசிசத்துக்குப் பதிலாக மறுமலர்ச்சிப் பாணியில் புதிதாக வரைந்தார். அவரும் முடிக்கவில்லை. 1891இல் இறந்தார், அதுவும் ஜனவரி 22 அன்றே. கௌசர் யோஜெஃப் முடித்துவைக்க, 1905இல் திறப்பு. ஆகவே அங்கே நின்று மேலே பார்த்தால் தெரியும் குவிமாடம் இபலுடையது, முடித்த கை கௌசருடையது, கட்டடத்தின் தரைத்திட்டமும் தொடக்கமும் ஹில்டுடையது.

அப்புறம் என்ன மாறியது

ஹில்ட் போன சில வருடங்களில் முறையே மாறிவிட்டது. 1870இல் லண்டனைப் பார்த்து பொதுப்பணி மன்றம் ஒன்றை அமைத்தார்கள். பழைய குழு ஒரு வீட்டின் முகப்பைப் பார்த்தது என்றால், இந்த மன்றம் நிலத்தைக் கையகப்படுத்தி முழுச் சாலையையே வெட்டியது. 1876இல் திறந்த, இன்று ஆந்திராஷி என்று பெயருள்ள நெடுஞ்சாலையும், பெருவட்டச் சாலையும் அதன் வேலை. இபல் கட்டிய இசை நாடக அரங்கும் அந்தச் சாலையில்தான், 1884இல். பணக்கார, பகட்டான புடாபெஸ்ட் இதிலிருந்து தொடங்குகிறது. சுற்றுலாப் படங்களில் இருப்பதும் இதுதான்.

இந்த வளர்ச்சியில் ஹில்ட் கட்டிய வீடுகள் பல போயின. இரண்டு மாடி வீட்டை இடித்து நான்கு மாடி எடுத்தால் வாடகை இரட்டிப்பு என்ற கணக்கு முன்னால் எந்தக் கிளாசிசிசமும் நிற்காது. 1849இல் புடா மலையிலிருந்து ஆஸ்திரியப் பீரங்கிகள் பெஷ்ட் ஆற்றங்கரையைச் சுட்டதிலும், பின்னால் உலகப்போரிலும் போனவை வேறு. ஆனாலும் போகாதது ஒன்று இருக்கிறது: தெருக்கோடு. லிபோத்வாரோஷில் இன்று நடக்கும்போது தெருக்கள் நேராக ஓடி நேராக வெட்டிக்கொள்கின்றனவே, அது அப்பா 1805இல் வரைந்தது. அந்தக் கோட்டில் வீடு எந்த விகிதத்தில் நிற்க வேண்டும் என்று காட்டியது மகன்.

ஹங்கேரியில் நல்ல முறையில் வளர்ந்த ஊர்களுக்கு நகரத் திட்டமிடுநர்கள் ஒரு விருது கொடுக்கிறார்கள். அதன் பெயர் ஹில்ட் யானோஷ் விருது, அப்பாவின் பெயரில். தனிக் கட்டடத்துக்கு இல்லை, ஊருக்கே தரும் விருது.

யோஜெஃப் நாடோர் சதுக்கத்தின் நடுவில் 1869இல் வைத்த வெண்கலச் சிலை நிற்கிறது, அழகூட்டும் குழுவை அமைத்த அதே நாடோர். பீடத்தில் அவர் பெயர். சதுக்கத்தின் ஓரத்தில் க்ரோஸ் வீடு எழுந்து இருநூறு வருடம் ஆகிவிட்டது. வண்டி வாசல் அப்படியே இருக்கிறது.